மற்றவையில் மிச்சம் ஒன்று

— இருபத்தாறு மணி நேரம் இருக்கு. தாராளம்.

— சுவத்துல ரெண்டு நாள்னு காட்டுதுங்க.

— சுவத்துல காட்டறதை நம்பற ஆளா நான்? இன்னிக்கு செவ்வாய், காலையில பத்து மணி. நாளைக்கு புதன், மத்தியானம் பன்னெண்டு மணிக்கு லைப்ரரியைப் பூட்டறோம். இருபத்தாறு மணி. இதுல எங்கேருந்து வந்துச்சு ரெண்டு நாளு?

— செவ்வாய் ஒண்ணு, புதன் ஒண்ணு.

— அதேதான். அந்த மகானுபாவன் கணக்கு. நாளெண்ணி! அந்த ஸ்கிரீனை இன்னும் யாரு மாத்தாம வெச்சிருக்கறது?

— அதுவும் நம்ம கம்ப்யூட்டர் மொழியில எழுதினதுதானே. நம்ம லைப்ரரியில இருக்கற நாளெண்ணி ஃபங்ஷனைத்தானே கூப்பிடும்.

— அதனாலதான் நான் மணிக்கணக்குல பேசறேன். மணி ஏமாத்தாது. சரி, நாற்காலியை இழுத்துப் போடு. எத்தனை மிச்சம்?

— நாலு.

— ஐநூத்திப் பன்னெண்டுல நாலு! சும்மா சொல்லக் கூடாது தாயே, ரெண்டு பேரும் மாடா உழைச்சிருக்கோம்.

— ம்.

— வெறும் "ம்"மா? பத்து வருஷமா எல்லா ஃபங்ஷனும் ஒரே மூட்டை. எண்ணைக் கூட்டறதும் அதுக்குள்ள, ஃபைலைத் திறக்கறதும் அதுக்குள்ள, எழுத்தைத் தலைகீழாத் திருப்பறதும் அதுக்குள்ள. புதுசா ஒருத்தர் நம்ம மொழியில நாலு வரி எழுத உக்காந்தா, மூட்டையை அவுத்துத் தேடியே பொழுது போயிடும். இப்போ பாரு. எண், எழுத்து, பட்டியல், கோப்பு, வலை, தேதி, பிழை. ஏழு பேக்கேஜ். ஏழும் அம்சமா இருக்கு.

— எட்டு.

— எட்டாவது எது?

— மற்றவை.

— அதை எண்ணாதே. அது பேக்கேஜே இல்ல. "மற்றவை"ன்னு ஒண்ணு வெச்சா, எங்களுக்கு அடுக்கத் தெரியலைன்னு நாமளே எழுதி ஒட்டின மாதிரி. நாளைக்குப் பூட்டறதுக்குள்ள அது காலியாகணும். பூட்டினப்புறம் ஒரு பேரைக்கூட மாத்த முடியாது. மாத்தினா, முகம் தெரியாதவங்க எழுதின ப்ரோகிராமெல்லாம் ஒரே ராத்திரியில உடைஞ்சிடும்.

— தெரியுங்க.

— உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். எனக்கே சொல்லிக்கறேன். முதல்ல எது?

— "காத்திரு".

— மூணு செகண்ட் நில்லுன்னா நிக்கும், அவ்வளவுதானே. தேதியில போடு.

— பிழையில போடலாங்க.

— காத்திருக்கறது பிழையா? உங்க அம்மா நமக்காக எத்தனை தடவை வாசல்ல காத்திருந்திருக்காங்க.

— யாரெல்லாம் இதைக் கூப்பிடறாங்கன்னு நேத்து பாத்தேன். பத்துல எட்டு பேர், வலையில எதையோ கேட்டு, கிடைக்காம, கொஞ்சம் பொறுத்து மறுபடி கேக்கறவங்க. பிழை வந்ததும் கை தேடறது இதைத்தான். பக்கத்துலயே இருக்கட்டும்.

— அடேங்கப்பா. நான் அது என்ன செய்யுதுன்னு பாக்கறேன், நீ யாரு கை எங்க நீளுதுன்னு பாக்கற. சரி, பிழை. அடுத்தது?

— "குலுக்கு". சீட்டுக் கலைக்கற மாதிரி ஒரு பட்டியலைக் கலைச்சுப் போடும்.

— அது பட்டியல்ல. இதுக்கும் மறுப்பு வெச்சிருக்கியா?

— இல்ல.

— நல்ல வேளை. அடுத்தது?

— "மணியடி".

— டிங்குனு ஒரு சத்தம். இதை யாருமே கூப்பிடறதில்லையே. எழுதினவர் கட்டத்துல என்ன இருக்கு?

— காலி.

— பாத்துக்கறவர் கட்டத்துல?

— அதுவும் காலி.

— அப்ப வெளிய. விதி என்ன சொல்லுது? ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ரெண்டு கட்டம். யாரு எழுதினாங்க, இனிமே யாரு பாத்துக்கறாங்க. ரெண்டுல எது காலியா இருந்தாலும் உள்ள வராது.

— விதி நீங்க போட்டதுதானே.

— நான் போட்டதுதான். ஏன் போட்டேன்? யாரோ எழுதினதை, அவங்க சம்மதம் இல்லாம, எங்க லைப்ரரின்னு ஊருக்குக் கொடுக்கறது சரியில்ல. மணியடி போச்சு. கடைசி எது?

— உங்களுக்கே தெரியும்.

— உன் வாயால கேக்கணும்.

— நாளெண்ணி.

— ஆஹா. இதுக்குத்தான் காலையிலேயே குளிச்சிட்டு வந்தேன். எழுதினவர்?

— காலி.

— பாத்துக்கறவர்?

— காலி.

— வெளிய! ஏழு வருஷ வயித்தெரிச்சல், ஒரே அமுக்குல தீந்துடும். இரு, அந்த அழிக்கற பட்டனை நானே அமுக்கறேன்.

— கொஞ்சம் பொறுங்க. இதை ஆயிரத்து நூத்திப் பதினாலு ப்ரோகிராம் கூப்பிடுது.

— கூப்பிட்டு என்ன பண்ணுதுன்னு பாத்தியா? முக்கால்வாசிப் பேர் வர்ற விடையில ஒண்ணைக் கழிச்சுக்கறாங்க. ஏன் கழிக்கறாங்க? தப்பா எண்ணுதுன்னு ஊருக்கே தெரியும். ஒண்ணு கூட எண்ணும். பதிமூணாம் தேதிக்கும் பதினாலாம் தேதிக்கும் நடுவுல எத்தனை நாளுன்னா, ரெண்டுங்கும்! என் வாழ்க்கையில...

— வாளிக் கதை வேண்டாமே.

— வாளிக் கதை இல்ல, அது சரித்திரம். பதினாலாம் தேதி எனக்கு இன்டர்வியூ. அவ்வளவு பெரிய கம்பெனி, பத்து மாடி. ஸ்கிரீன்ல ஒரு மூலையில "இன்னும் இத்தனை நாள்"னு வெச்சிருந்தேன். நானே எழுதினது, நம்ம மொழியில, இந்தப் பாவி நாளெண்ணியைக் கூப்பிட்டு. அன்னிக்குக் காலையில எந்திரிச்சுப் பாக்கறேன்...

— ஒண்ணுன்னு காட்டுச்சு.

— ஒண்ணுன்னு காட்டுச்சு! இன்னும் ஒரு நாள் இருக்கு, நாளைக்குத்தான்னு நிம்மதியா, இருந்த ஒரே நல்ல சட்டையை வாளியில ஊறப்போட்டேன். வெள்ளைச் சட்டை.

— போன தடவை நீலம்னீங்க.

— நீலக் கோடு போட்ட வெள்ளை. பதினொரு மணிக்கு போன் வருது. "சார், உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கோம், எங்க இருக்கீங்க?" நான் எங்க இருக்கேன்? வாளி பக்கத்துல, கையெல்லாம் சோப்பு நுரை.

— காலண்டரை ஒரு தடவை பாத்திருக்கலாம்ல?

— ஸ்கிரீன் வெச்சிருக்கறவன் எதுக்கு காலண்டரைப் பாக்கறான்? உன்னையும் என்னையும் மாதிரி ஆளுங்களுக்குத்தான் இந்த கதி. மளிகைக்கடைக்காரருக்கு வராது. கோவத்துல ரெண்டு பக்கம் கடிதம் எழுதினேன் இந்த ஆபீசுக்கு. "அவ்வளவு தெரிஞ்சா நீயே வந்து திருத்து"ன்னு இங்க அப்போ தலைவரா இருந்த பெரியவர் பதில் போட்டார். வந்தேன். திருத்தவும் முடியல. மத்தவங்க ப்ரோகிராம் உடையும்னு கையைக் கட்டிட்டாங்க.

— தெரியும். நான் சேர்ந்த அன்னிக்கே சொன்னீங்க.

— அன்னிக்கேவா?

— சேர்ந்து அரை மணி நேரம்தான் ஆகியிருந்துச்சு. பை இன்னும் தோள்லதான் இருந்துச்சு.

— அப்போ நீ சிரிக்கவே இல்ல. இன்னிக்கு வரைக்கும் சிரிக்கல. உங்க அம்மாதான், "வாளி"ன்னு ஆரம்பிச்சாலே கண்ணுல தண்ணி வர சிரிக்கறாங்க. நம்ம கல்யாணப் பந்தியில சொன்னப்போ சாப்பாடு புரையேறி, எங்க அப்பா தண்ணி கொண்டுவந்து கொடுத்தாரு. அவங்களுக்கு கம்ப்யூட்டரும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. அவ்வளவு என்ன சிரிப்புன்னு எனக்கு இன்னும் புரியல.

— சாயங்காலம் அஞ்சு மணிக்கு வர்றாங்க. நீங்களே கேளுங்க. சாவியைப் பக்கத்து வீட்டுல கொடுத்திருக்கேன்.

— கேக்கத்தான் போறேன். சரி, அழிக்கட்டுமா?

— போன மாசம் லீவு எடுத்தீங்களே. எந்தத் தேதியிலேருந்து எந்தத் தேதி வரைக்கும்?

— இப்ப எதுக்கு அது? மூணாம் தேதியிலேருந்து ஏழாம் தேதி வரைக்கும்.

— எத்தனை நாள்னு எழுதிக் கொடுத்தீங்க?

— அஞ்சு.

— ஏழுல மூணு போனா நாலு.

— அது... லீவு. அதுல ரெண்டு பக்கத்து நாளையும் சேத்துத்தான் எண்ணுவாங்க.

— ஆமா.

— என்ன ஆமா?

— முக்கால்வாசிப் பேர் ஒண்ணு கழிக்கறாங்கன்னீங்க. எண்ணிப் பாத்தேன். அறுநூத்தி மூணு பேர் கழிக்கறாங்க. ஐநூத்திப் பதினொரு பேர் கழிக்கறதில்ல. லீவு எண்ணறவங்க, விடுதியில சாப்பாடு எண்ணறவங்க, மருந்துக்கடைக்காரங்க. மூணாம் தேதியிலேருந்து ஏழாம் தேதி வரைக்கும் மாத்திரைன்னா அஞ்சு நாளைக்கு வேணும். நீங்க இதைத் திருத்தினாலும் சரி, அழிச்சாலும் சரி, எங்கயோ ஒருத்தருக்கு ஒரு நாள் மாத்திரை குறையும்.

— இந்த வருஷத்துல நீ பேசினதிலேயே நீளமான பேச்சு இதுதான்.

— தண்ணி குடிக்கட்டுமா?

— குடி, குடி. இரு, போன் அடிக்குது. கீழ்மாடி அக்கா. ஸ்பீக்கர்ல போடறேன். சொல்லுங்கக்கா, கையேடு எந்த அளவுல இருக்கு?

— எல்லாம் முடிஞ்சுது தம்பி. ஐநூத்திப் பத்து ஃபங்ஷனுக்கு விளக்கம் எழுதிட்டேன், விரல் தேஞ்சுபோச்சு. மணியடி, நாளெண்ணி ரெண்டும் மட்டும் எழுதினவங்க பேர் இல்லாம நிக்குது. மத்தியானம் ஒரு மணிக்கு அச்சுக்குப் போகணும். இருக்கா, இல்லையா, சொல்லிடுங்க.

— மணியடியை எடுத்தாச்சு. நாளெண்ணியையும் எடுத்த மாதிரிதான்.

— எடுத்த மாதிரின்னா? எடுத்தாச்சா, இல்லையா?

— இங்க ஒரு வக்கீலம்மா உக்காந்து வாதாடறாங்க.

— வாதாடட்டும், நல்லா வாதாடு கண்ணு. நான் எதுக்குக் கூப்பிட்டேன்னா, பழைய கடிதக் கட்டு இருக்கே, அதுல நாளெண்ணி வந்த கடிதம் கிடைச்சிடுச்சு.

— கிடைச்சிடுச்சா! பேர்? அக்கா, பேரைச் சொல்லுங்க முதல்ல!

— பேர் இல்ல தம்பி. ஒம்போது வருஷத்துக்கு முந்தின கடிதம். அனுப்பின இடம் மட்டும் இருக்கு. ஏதோ மாணவியர் விடுதி, கம்ப்யூட்டர் அறை.

— மாணவியரா?

— மாணவியர்தான். நீங்க இத்தனை வருஷமா மகானுபாவன், மகானுபாவன்னு திட்டினது ஒரு பொண்ணை.

— அட கடவுளே. திட்டற ஆளையே மாத்தித் திட்டியிருக்கேன்.

— நாலு வரிதான் எழுதியிருக்கா. படிக்கட்டுமா? கண்ணு, இருக்கியா நீ?

— இருக்கேங்க்கா. படிங்க.

— "அம்மாவுக்கு மாத்திரை எண்ணுவதற்காக இதை எழுதினேன். முதல் நாள், கடைசி நாள் இரண்டையும் சேர்த்து எண்ணும். மேலே உள்ள குறிப்பில் அதைச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்குப் பயன்பட்டால் வைத்துக்கொள்ளுங்கள்." அவ்வளவுதான். பாவம், கையெழுத்துகூடப் போடல.

— குறிப்பா? எந்தக் குறிப்பு? அதுல குறிப்பே இல்லையேக்கா.

— கடிதத்தோட வந்ததுல இருக்கு தம்பி. ஃபங்ஷனுக்கு மேலேயே ஆறு வரி, கொட்டை எழுத்துல. எப்பவோ யாரோ வெட்டியிருக்காங்க. சரி, ஒரு மணிக்குள்ள சொல்லிடுங்க. அடுப்புல பால் வெச்ச மாதிரி அச்சுக்காரர் எதிர்ல உக்காந்திருக்கார்.

— சரிக்கா. வெச்சுடறேன்.

— தண்ணி வேணுமாங்க?

— குடு. எல்லாத்தையும் குடு.

— என்ன ஆச்சு?

— நான்தான் வெட்டினேன்.

— எதை?

— குறிப்பை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாசம். என்ன செய்யலாம்னு பெரியவரைக் கேட்டேன். மூட்டை ரொம்பக் கனக்குது, கொஞ்சம் சுத்தம் பண்ணுன்னார். நீளமா இருந்த குறிப்பெல்லாத்தையும் முடி வெட்டற மாதிரி வெட்டித் தள்ளினேன். ஒண்ணைக்கூட உக்காந்து படிக்கல.

— ம்.

— அதுக்கு முன்னாடி, அந்த இன்டர்வியூ அன்னிக்கும் அந்த ஆறு வரி அங்கதான் இருந்திருக்கு. பேரைப் பாத்தேன், கூப்பிட்டேன். மேல பாக்கவே இல்ல.

— யாருமே பாக்கறதில்லீங்க.

— சமாதானம் சொல்லாதே. அந்தப் பொண்ணு தப்பா எழுதல. ரெண்டு முனையும் சேரும்னு கொட்டை எழுத்துல எழுதி வெச்சிருக்கு. நான் படிக்காம சட்டையை ஊறப்போட்டுட்டு, ஏழு வருஷமா, போற இடமெல்லாம், பந்தியில கூட விடாம... சே!

— விடுங்க.

— எப்படி விடறது? அம்மாவுக்கு மாத்திரை எண்ண எழுதியிருக்கு. எங்கயோ யாரையோ கட்டிக்கிட்டு நிம்மதியா இருக்கும் இந்நேரம்.

— நிம்மதியான்னு சொல்ல முடியாது.

— என்ன?

— ஒண்ணுமில்ல. நாளெண்ணியை எங்க வைக்கறதுன்னு யோசிச்சேன்.

— தேதியிலதான். வேற எங்க?

— தேதியில வெச்சா மறுபடியும் தப்பாத் தெரியும். தேதியில தேடி வர்றவங்க ரெண்டு நாளுக்கு நடுவுல எவ்வளவு தூரம்னு கேக்கறவங்க. அவங்களுக்கு நாலுதான் சரி. அதுக்குப் புதுசா ஒண்ணு எழுதி வெச்சிருக்கேன். "இடைநாள்".

— எப்ப எழுதினே?

— நேத்து. நீங்க குளிக்கும்போது. ரெண்டு கட்டத்துலயும் என் பேர் இருக்கு, உங்க விதிப்படி.

— சரி, அப்ப இது?

— கையைக் காட்டுங்க. விரல் எத்தனை?

— அஞ்சு.

— விரலுக்கு நடுவுல சந்து?

— நாலு... ஓ.

— நாளெண்ணி சந்தை எண்ணறதில்ல, விரலை எண்ணுது. மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழுன்னு நாளையெல்லாம் வரிசையா வெச்சா எத்தனை இருக்குன்னு கேக்குது. அது பட்டியல் வேலை. பட்டியல் பேக்கேஜ்ல வெச்சுப் பாருங்க.

— பட்டியல்... நாளெண்ணி. பக்கத்துல யாரு? "எத்தனை", "முதல்", "கடைசி".

— அந்த மூணு பேருக்கு நடுவுல எப்படி இருக்கு?

— பொருத்தமா இருக்கு. ஒரு எழுத்துகூட மாத்தல. இடம்தான் மாறியிருக்கு. ஒம்போது வருஷமா மூட்டையில கிடந்ததாலதான் இது தப்பாத் தெரிஞ்சிருக்கு.

— அந்தக் குறிப்பையும் மேல வெச்சுடலாம்.

— ஆறு வரியையும். ஒரு கமா குறையாம. கையேட்டுலயும் போடச் சொல்றேன், வெட்டினது நான்தான்னு வேணும்னா என் பேரையும் போட்டு. ஆனா...

— ஆனா?

— விதி. அது எனக்கும்தானே. மணியடியை வெளிய போட்டுட்டு, பிடிச்சுப்போச்சுங்கறதுக்காக இதை உள்ள விட்டா, அப்புறம் நான் என்ன ஆளு? அந்தப் பொண்ணு கடிதத்துல பேரைப் போட்டிருந்தா தேடிப் புடிச்சிருப்பேன். மன்னிப்பும் கேட்டு, சம்மதமும் வாங்கியிருப்பேன். மனசே வரல தாயே. இருந்தாலும் வெளியதான்.

— அந்த ஐநூத்திப் பதினொரு பேர்?

— அதைச் சொல்லாதே. யோசிச்சா பட்டனை அமுக்கவே மாட்டேன்.

— பட்டன்லேருந்து கையை எடுங்க. பாத்துக்கறவர் கட்டத்துல என் பேரைப் போடுங்க.

— நீ பாத்துக்கறியா? ஏற்கெனவே நூத்தி முப்பது உன் தலையில இருக்கு. சரி, உன் பெரிய மனசு, போட்டாச்சு. ஆனா ஒரு கட்டம் நிறைஞ்சு பிரயோஜனமில்லையே. எழுதினவர் கட்டம் அப்படியே பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குது.

— அதுலயும் என் பேரைப் போடுங்க.

— விளையாடாதே. பொய்ப் பேரைப் போட்டு உள்ள கொண்டுவர்றதுக்கா இவ்வளவு பாடுபட்டோம்? அந்தக் கட்டத்துல எழுதினவங்க பேர்தான் வரணும்.

— எழுதினது நான்தாங்க. அதனாலதான் நீங்க வாளின்னு ஆரம்பிச்சாலே அம்மா அப்படிச் சிரிக்கறாங்க.